பள்ளிக்கூடத்துக் கொல்லையில் ஒரு சால்

கம்பளிப்பூச்சியின் மயிர் தோலில் ஏறும்போது ஒன்றுமே தெரியாது. தூசி பட்ட மாதிரி இருக்கும். அரைமணி கழித்து விரலிடுக்கில் ஊரும், பிறகு எரியும், அதற்குப் பிறகு கை தடித்து வீங்கி, யாருடைய கையோ என்பதுபோல மரத்துப்போகும். எண்பதுகளில் விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவில், மழையை நம்பி வேர்க்கடலை போட்ட ஊர்களில் வளர்ந்தவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. வேர்க்கடலையை நாங்கள் "மல்லாட்டை" என்போம், அது விளைகிற மேட்டு நிலத்தைக் "கொல்லை" என்போம். மழை பெய்து விட்ட சில நாளில் அந்துப்பூச்சி விளக்கைச் சுற்றும். அப்புறம் கொஞ்ச நாளில் சிவப்பும் கறுப்புமாகப் புழுக்கள் கொல்லை விட்டுக் கொல்லை ஊர்ந்து, ரோட்டையும் கடந்து போகும், பஸ் சக்கரத்தில் நசுங்கி ரோடே வழுக்கும்.

அப்போது நான் ஏழாவது. எங்களுக்கு அறிவியல் எடுத்தவர் தினமும் திண்டிவனத்திலிருந்து பஸ்ஸில் வந்து போகிறவர். எல்லோருக்கும் அவர் "சயின்ஸ் சார்". பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் முள் மண்டிக் கிடந்த நிலத்தை அந்த வருஷம் கோடையிலேயே உழுது போட்டிருந்தார். மண்ணுக்குள் தூங்குகிற கூட்டுப்புழு மேலே வந்துவிட்டால் காக்கையும் மைனாவும் கொத்தித் தின்றுவிடும் என்பது அவர் கணக்கு. பள்ளி திறந்ததும் ஆளுக்கு ஒரு சால், ஒரு உழவு வரிசை என்று எங்களுக்குப் பிரித்துக் கொடுத்தார். ஏரியிலிருந்து வண்டல் சுமந்து கொட்டினோம், மாட்டுக்கொட்டகைக் குப்பையைக் கொண்டுவந்து இறைத்தோம், மல்லாட்டை ஊன்றினோம். ஓரம் முழுக்கக் காராமணியும் ஆமணக்கும். பூச்சிக்கு அவை பிடிக்கும், முதலில் அங்கே போய்த் தின்னும், மல்லாட்டைக்கு வர நாளாகும் என்றார். பூச்சி மருந்துப் பவுடர் மட்டும் கிடையாது, எந்தக் காரணத்துக்கும் கிடையாது.

ஊரில் மற்ற எல்லாக் கொல்லைக்கும் பவுடர்தான். துணியில் அதை மூட்டை கட்டி, செடிமேல் தட்டிக்கொண்டே சால் சாலாகப் போக வேண்டும். அந்தக் கூலி வேலைக்குப் போகிறவள் என் அம்மா. சாயங்காலம் புருவமெல்லாம் வெள்ளையாக வந்து, முகம் கழுவுவதற்கு முன்னால் கொஞ்ச நேரம் உட்கார்ந்து இருமுவாள்.

"தொடறதுக்கு முன்னாடி பாரு, பாத்தத எழுது" என்பதுதான் சாருடைய பாடம். இலைக்கு அடியில் முட்டை எப்படி ஒட்டியிருக்கிறது, எந்தக் குருவி எப்போது வந்தது, மழை பெய்த மறுநாள் மண்புழு எந்தப் பக்கம் மண்ணைத் தள்ளியிருக்கிறது என்று எல்லாம் நோட்டில் எழுதினோம். கொல்லையைச் சுற்றி ஒரு முழ ஆழத்துக்குப் பள்ளம் எடுத்தோம், ஊர்ந்து வருகிற புழு அதில் விழட்டும் என்று. நடுநடுவே குறுக்குக் கட்டை வைத்த குச்சிகளை நட்டார். வால் இரண்டாகப் பிரிந்த கரிச்சான் வந்து அதில் உட்காரும், சட்டென்று இறங்கும், ஏதோ ஒன்றைத் தூக்கிக்கொண்டு திரும்ப ஏறும். ஒரு பீரியட் முழுக்க அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதையும் அவர் படிப்பு என்றுதான் சொன்னார்.

ஊர்த்தெருப் பிள்ளைகள் மூன்று பேருடைய வீட்டிலிருந்து, எங்கள் பிள்ளை படிக்க வருகிறது, மண் வேலைக்கு இல்லை என்று சீட்டு வந்தது. அவர்கள் வகுப்பிலேயே உட்கார்ந்திருந்தார்கள். காலனியிலிருந்து சீட்டு எதுவும் வரவில்லை. எங்கள் வீடுகளில் எழுதத் தெரிந்த பெரியவர்கள் இல்லை. நான் அம்மாவிடம் கொல்லையைப் பற்றி வாயே திறக்கவில்லை, என்ன சொல்வாளோ என்ற பயம். எனக்கு எல்லாவற்றுக்கும் பயம்தான். பஸ் கால்மணி தாமதமானால் சார் செத்துப்போய்விட்டார் என்றே முடிவு செய்து, அவர் வந்து இறங்குகிற வரைக்கும் ரோட்டையே பார்த்துக்கொண்டு நிற்பேன்.

ஆடியில் புழு வந்தது. காராமணியையும் ஆமணக்கையும் மொட்டையடித்துவிட்டு உள்ளே இறங்கியது. என் சால் ஓரத்துச் சால். பக்கத்துச் சால்காரி செல்வி இடுப்பில் கை வைத்துக்கொண்டு சொன்னாள்:

"இன்னாடி, உன் சால்ல பூச்சிக்குப் பந்தி போட்டுக்கினு இருக்கியா? எலைய எட்த்துடாத, இன்னும் பாயாசம் வரல."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்றைக்கு வெள்ளிக்கிழமை. சார் கிளம்பும்போது, "ரெண்டு நாள் யாரும் கொல்லைக்கு வராதீங்க. ஆள் நடமாட்டம் இல்லன்னா குருவி நல்லா எறங்கும். திங்கக்கிழமை குச்சியால தள்ளி எடுக்கலாம். கையால மட்டும் தொடக் கூடாது, தெரியுதா?" என்றார். தெரியுது என்று எல்லோரோடும் சேர்ந்து நானும் கத்தினேன்.

சனிக்கிழமை பூராவும் எனக்குச் சோறு இறங்கவில்லை. கண்ணை மூடினால் இலை போய்க்கொண்டே இருந்தது. ஞாயிற்றுக்கிழமை அம்மா களையெடுக்கப் போன பிறகு, மண்ணெண்ணெய் கலந்த தண்ணீர் ஒரு டப்பாவில் எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் போனேன். நான் போனதும் குச்சிமேல் இருந்த கரிச்சான்கள் எழுந்து போய்விட்டன. குச்சியால் தள்ளினால் புழு சுருண்டு இலைக்குள் விழுந்துவிடுகிறது. கொஞ்ச நேரம் அப்படிப் பார்த்துவிட்டுக் கையாலேயே பொறுக்க ஆரம்பித்தேன். டப்பா நிறைந்தது, கொட்டிவிட்டு மறுபடி நிறைத்தேன். என் சாலில் இலை மிச்சம் இருந்தது. அதுவரைக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தேன் என்று நினைக்கிறேன்.

அம்மா திரும்பி வந்தபோது என் இரண்டு கையும் முழங்கை வரை வீங்கி, ஒரு கண் மூடியிருந்தது. அவள் ஒன்றும் கேட்காமல் அடுப்புச் சாம்பலை அள்ளிக் கை முழுக்கத் தேய்த்தாள். தேய்த்து முடித்த பிறகுதான் கேட்டாள்.

"எங்கடி போன?"

"பள்ளிக்கூடத்துக் கொல்லைக்கு."

"அங்க இன்னா கொல்ல? யாரு போவச் சொன்னது?"

 நானாகப் போனேன் என்றால் அடி விழும். அவ்வளவுதான் அப்போது என் மனசில் இருந்தது. என் பேச்சில்லாத வாயைப் பார்த்து, வாத்தியார்தான் அனுப்பினார் என்று அம்மாவே பதிலை எடுத்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை வேலைக்குப் போகாமல் என் தோளைப் பிடித்துப் பள்ளிக்கூடத்துக்கு இழுத்துப் போனாள். சார் அப்போதுதான் பஸ்ஸைவிட்டு இறங்கி வந்திருந்தார்.

"ஏன் சார், நான் பவுடர தின்னுக்கினு கொல்ல கொல்லயாப் போறது இவளாவது நெழல்ல குந்திப் படிக்கட்டும்னுதான். நீங்க இன்னாடான்னா இவள பூச்சி பொறுக்க வுட்டுருக்கீங்க?"

"அம்மா, இது கூலி வேலை இல்லம்மா. மண்ணு, புழு, குருவி எல்லாம் எப்படி ஒண்ண நம்பி ஒண்ணு இருக்குதுன்னு பிள்ளைங்க கையால செஞ்சு தெரிஞ்சிக்கணும்."

"அத்த எங்க வூட்டுப் பொண்ணுக்கு நீங்க சொல்லித் தரணுமா? வரப்புல தூளி கட்டிப் போட்டு வளத்த பொண்ணு சார் இது. எனக்குத் தெரியாதது கணக்கு, இங்கிலீசு. அத்தச் சொல்லிக் குடுங்க. அந்தா, மூணு பேரு உள்ள குந்திக்கினு இருக்காங்களே, அவங்களுக்கு வேணாமா மண்ணும் குருவியும்?"

சார் வகுப்பைத் திரும்பிப் பார்த்தார்.  பிறகு குனிந்து என் கையைப் பார்த்தார், தொடவில்லை.

"பாப்பா, நானா போவச் சொன்னேன்? நீயே சொல்லு."

பள்ளிக்கூடம் முழுக்க ஜன்னலில் நின்றது. செல்வி நின்றாள். நான் சாருடைய செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நான் சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்பது எனக்குத் தெரியும், பன்னிரண்டு வயசில் அது தெரியாமல் இல்லை. ஆனாலும் வாய் வரவில்லை.

"கொழந்தய மெரட்டாதீங்க சார்" என்றாள் அம்மா.

சார் நிமிர்ந்தார். "சரிம்மா. தப்பு என்னுதுதான்" என்றார்.

அன்றைக்கு மத்தியானமே தலைமை ஆசிரியர் ஆள் வைத்துப் பள்ளிக்கூடத்துக் கொல்லைக்குப் பவுடர் தட்டச் சொல்லிவிட்டார் என்று இரண்டு நாள் கழித்துச் செல்வி எங்கள் வீட்டுக்கு வந்து சொன்னாள். செடியெல்லாம் வெள்ளையாக இருந்ததாம், குச்சிகள் அப்படியே நின்றனவாம். போகும்போது திரும்பி, "சார் கேட்டாரு, உனுக்குக் கை ஆறிடுச்சான்னு" என்றாள்.

"ஆறிடுச்சின்னு சொல்லு" என்றேன். ஆறியிருக்கவில்லை.

அந்தப் பள்ளிக்கூடம் வேண்டாம், வேறு ஊரில் போடுகிறேன் என்றாள் அம்மா. சான்றிதழ் வாங்கப் போக ஒரு நாள் வேலையை விட வேண்டும். களையெடுப்பு முடியட்டும் என்றாள், பிறகு மல்லாட்டை பிடுங்கி முடியட்டும் என்றாள், பிறகு நெல் நடவு வந்துவிட்டது. சும்மா வீட்டில் இருப்பானேன் என்று என்னையும் கூடக் கூட்டிப்போனாள். அடுத்த ஆடிக்குள் மருந்து மூட்டை என் கையிலும் வந்துவிட்டது. நன்றாகத் தட்டுவேன், ஒரு செடி விடாமல். சார் அதற்குள் மாற்றலாகிப் போயிருந்தார். எங்கே என்று நான் யாரையும் கேட்கவில்லை.

இப்போது அந்தப் பள்ளிக்கூடத்துப் பின்பக்கத்தில் சிமெண்டுக் கல் பாவியிருக்கிறார்கள், ஒரு தண்ணீர்த் தொட்டி நிற்கிறது. மானாவாரி மல்லாட்டை போடுகிறவர்கள் எங்கள் பக்கத்தில் குறைந்துவிட்டார்கள். சவுக்கு வைத்திருக்கிறார்கள், மற்றதெல்லாம் வீட்டுமனைக்கு நட்ட கல். கம்பளிப்பூச்சி ரோட்டைக் கடந்து நான் பார்த்துப் பல வருஷம் இருக்கும். யாருக்கும் அது ஒரு குறையாகத் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

போன மாசியில் அம்மாவை மூச்சுத் திணறலுக்காக முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தேன். பக்கத்துக் கட்டிலில் மரக்காணத்துக்காரம்மா ஒருவர், மீன்பிடிக்கிற குடும்பம். கொஞ்சம் மூச்சு வந்ததும் அம்மா அவரிடம் இந்தக் கதையை ஆரம்பித்தாள். ஊரில் எல்லோரிடமும் சொன்ன கதைதான்: வாத்தியார் என் பெண்ணைப் பூச்சி பொறுக்க விட்டார், நான் நேரே போய் நாலு கேள்வி கேட்டேன், மனுஷனால் வாயே திறக்க முடியவில்லை, தப்பு என்னுடையது என்று சொல்ல வைத்தேன். அவள் வாழ்க்கையில் ஒரு பெரிய மனுஷன் அவளிடம் அப்படிச் சொன்னது அந்த ஒரு தடவைதான். நான் வழக்கம்போலக் கஞ்சியை ஆற்றிக்கொண்டிருந்தேன்.

"வாத்தியாரயே வாயடச்சியா? எங்க ஊர்ல பொறந்திருந்தா உன்னிய பஞ்சாயத்துக்குத் தலைவரா ஆக்கியிருப்போம்" என்று சிரித்தார் அந்த அம்மா. பிறகு சாதாரணமாகக் கேட்டார்: "அப்பறம் பொண்ண எந்தப் பள்ளிக்கூடத்துல போட்ட?"

இத்தனை வருஷத்தில் யாரும் அதைக் கேட்டதில்லை. அம்மா என்னைப் பார்த்தாள்.

"திண்டிவனத்துலங்க" என்றேன். "பத்தாவது வரைக்கும் படிக்க வெச்சாங்க."

அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். கஞ்சி வேண்டாம் என்று கையை ஆட்டினாள். ஒரு வாரத்தில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இப்போது பரவாயில்லை, சாப்பிடுகிறாள், தூங்குகிறாள், வருகிறவர்களிடம் பேசுகிறாள். அந்தக் கதையை மட்டும் அதற்குப் பிறகு அவள் யாரிடமும் சொல்லவில்லை.