அரைக் கிலோ பங்கனப்பள்ளி

என் வீட்டுக் கூடத்தில் ஒரு பதக்கம் தொங்குகிறது. வருகிறவர்கள் கேட்டால் ஜூடோவில் வாங்கியது என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றிவிடுவேன். தன்னடக்கம் என்று நினைக்கிறார்கள். வெட்கம்தான்.

பாலக்காட்டுப் பக்கம் முதலமடையில் எங்களுக்கு மாந்தோப்பு. என்னோடு பள்ளியில் ஜூடோ பழகியவளின் அப்பா, எங்கள் தோப்புக் காயை ஏற்றும் லாரியின் டிரைவர். இருவருக்கும் ஒரே எடைப் பிரிவு, நாற்பத்தெட்டுக் கிலோவுக்குள். பத்துத் தடவை பிடித்தால் எட்டுத் தடவை நான்தான் மல்லாந்து கிடப்பேன். கைகொடுத்துத் தூக்கிவிட்டு, எங்கே தப்புச் செய்தேன் என்றும் அவளே சொல்லித் தருவாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

மாவட்டத் தேர்வில் ஜெயிக்கிற ஒருத்திதான் மாநிலப் போட்டிக்குப் போகலாம். அங்கே பதக்கம் வாங்கினால் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வேலை. எனக்கு வேலை கிடைக்காவிட்டாலும் தோப்பு இருந்தது. அவளுக்கு அது ஒன்றுதான் வழி.

தேர்வு நாள் காலையில் எங்கள் கொட்டகையில் காய் நிறுக்கும் தராசில் ஏறிப் பார்த்தோம். முந்தின நாளெல்லாம் பட்டினி கிடந்தவள் எல்லைக்கு நூறு கிராம் கீழே இருந்தாள். கண் குழிந்திருந்தது. நான் குவியலில் தேடி ஒரு பங்கனப்பள்ளியை எடுத்தேன். தோப்புக்காரப் பெண்ணுக்குப் பழம் கைக்கு வந்தாலே எடை தெரிந்துவிடும். அரைக் கிலோ.

"தின்னு புள்ள. அங்கத்த மெசினு எப்பவும் கம்மியாத்தான் காட்டும். சாரே சொன்னாரு."

ஜூடோ சொல்லித் தந்த சார் அப்படி எதுவும் சொல்லவில்லை. அவள் தோலைக்கூட விடாமல் தின்றாள்.

பாலக்காட்டில் எடை பார்த்தபோது முந்நூறு கிராம் கூடுதல். மறுபடி ஏற அரை மணி நேரம் கொடுத்தார்கள். சட்டைக்கு மேல் சட்டை போட்டுக்கொண்டு, எச்சிலைத் துப்பிக்கொண்டே வெயிலில் மைதானத்தைச் சுற்றி ஓடினாள். நான் நல்ல பிள்ளையாக அவள் பையைப் பிடித்துக்கொண்டு நிழலில் நின்றேன். கடைசி ஐம்பது கிராம் இறங்கவே இல்லை; அவளைப் போட்டியில் சேர்க்கவில்லை. அன்றைக்கு நான் ஜெயித்தேன். பதக்கமும் வந்தது, அரசாங்க வேலையும் வந்தது. இத்தனை வருடமாக அந்தச் சம்பளத்தில்தான் சாப்பிடுகிறேன்.

போன சீசனில் எங்கள் காயோடு மண்டிக்குப் போனேன். தரம் பிரிக்கும் பெண்களுக்கு நடுவில் அவள் உட்கார்ந்திருந்தாள். தராசு இல்லாமல் கையால் தூக்கிப் பார்த்தே காய்களைப் பெட்டி பெட்டியாகப் பிரித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள். பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள் என்று மாற்றி மாற்றி விசாரித்துக்கொண்டோம். கிளம்பும்போது ஒரு பழத்தை எடுத்து என் கையில் வைத்தாள்.

"அரைக் கிலோ இருக்குதா பாரு. அன்னைக்கு நீ குடுத்ததும் இத்தனைதான்."

பழத்தைத் திரும்பப் பெட்டியில் வைக்கப் போனேன்.

"எனக்கும் கையில எடை தெரியாதா புள்ள? கையை நம்பாம உன்னைய நம்பிட்டேன்."

மன்னிப்புக் கேட்கத்தான் வாயைத் திறந்தேன். அவள் அதற்குள் அடுத்த காயை எடுத்துவிட்டாள்.

"வெயில் ஏறுது, கெளம்பு," என்றாள்.