துடைத்தும் போகாத மஞ்சள்

ஜப்பான்காரன் காலத்தில் எங்கள் தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டு நின்றுபோயிருந்தது. தோட்டத்து வெள்ளைக்காரத் தொரை ஓடிவிட்டார். நாங்கள் குடியிருந்த லயத்து வீடுகளைச் சுற்றி மரவள்ளி நட்டுத்தான் வயிற்றைக் கழுவினோம். என் வீட்டுக்காரரைச் சயாமுக்கு ரயில் பாதை போடக் கொண்டுபோய்விட்டார்கள். கையில் ஏழு மாதப் பெண் குழந்தை. வெறும் மரவள்ளி தின்ற உடம்பில் பால் எங்கே ஊறும்? எனக்கு வற்றிப்போனது. அவர் விட்டுப்போன ஒற்றைப் பசுதான் அவளுக்கு உயிர்.

பக்கத்து லயத்து அண்ணன் தொரையின் மாட்டுக் கொட்டகையில் பல வருஷம் வேலை பார்த்தவர். அவரிடமும் ஒரு பசு இருந்தது, இளங்கன்றோடு. மழை விட்டுப் புதுப்புல் தலைகாட்டும்போதுதான் உண்ணி ஏறத் தொடங்கும், அப்போதே பிடித்துவிட வேண்டும் என்பார். தினமும் கறப்பதற்கு முன் காதுமடல், வாலடி, மடிச்சந்து எல்லாம் விரலால் தடவிப் பார்ப்பேன். பிடுங்கியதைப் போட மண்ணெண்ணெய்க்கு எங்கே போவது? சிரட்டைத் தணலில் போடுவேன். கடைசியாகக் கண் இமையைத் திருப்பிப் பார்க்க வேண்டும். உள்ளே சிவப்பாக இருந்தால் கவலையில்லை. வெளுத்தாலும் மஞ்சளித்தாலும் உண்ணிக் காய்ச்சல்.

அந்த வருஷம் மாட்டுப் பொங்கலுக்கு அரிசி கிடையாது. வீட்டோரம் நட்டிருந்த மஞ்சளைக் கிண்டி எடுத்து அரைத்தேன். என் வீட்டுக்காரர் உயிரோடு திரும்ப வேண்டும் என்று வேண்டிக்கொண்டு கொம்பிலிருந்து மடிவரை அப்பினேன். அண்ணன் பார்த்துவிட்டு வந்தார்.

"கண்ணுக்குக் கிட்ட பூசாதம்மா. காய்ச்சல் வந்தா அங்கதான் தெரியும்."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. நல்ல நாளும் அதுவுமாக என்ன பேச்சு இது?

"ஒங்க மாட்டப் பாத்துக்குங்கண்ணே" என்றேன்.

அவர் திரும்பிப் போய்விட்டார். நான் கண்ணைச் சுற்றி இன்னும் ஒரு கை பூசினேன். அப்படிப்பட்ட வாய், அப்படிப்பட்ட கை எனக்கு.

மஞ்சள் இருக்கும்போது உண்ணி அண்டாது என்று அடுத்த நாட்களில் மேலோட்டமாகத்தான் தடவிப் பார்த்தேன். இமையைத் திருப்பினால் மஞ்சளாக இருந்தது. நான் பூசியது உள்ளே இறங்கியிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். பால் குறைந்தது. திமிர் பிடித்த மாடு என்று அதைத் திட்டினேன்.

நாலாம் நாள் காலையில் பசு படுத்தது எழுந்திருக்கவில்லை. மூத்திரம் கறுப்புக் காப்பி நிறத்தில் போனது. ஓடிப்போய் அண்ணனைக் கூப்பிட்டேன். அவர் தலைத்துண்டின் நுனியை நனைத்துக் கண்ணைச் சுற்றித் துடைத்தார். துண்டில் மஞ்சள் வந்தது. பிறகு இமையைத் திருப்பி உள்ளே துடைத்தார். துண்டில் ஒன்றும் ஒட்டவில்லை. இமை மஞ்சளாகவே இருந்தது.

மருந்துக்கு வழியில்லை. மறுநாள் பசு செத்தது. குழந்தை மரவள்ளிக் கஞ்சியைத் துப்பிவிட்டு அழுதாள். இரண்டு நாளில் அழக்கூட அவளுக்குத் தெம்பில்லை. நான் அவளை மடியில் போட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன்.

மூன்றாம் நாள் காலையில் அண்ணன் ஒரு டின்னில் பால் கொண்டுவந்து வாசலில் வைத்தார். அதன் பிறகு தினமும் வந்தது. அவருடைய பசுவும் எலும்பும் தோலுமாகத்தான் இருந்தது, இரண்டு வாய்க்குப் பால் காணாது. அது எனக்குத் தெரியும். தெரிந்துதான் டின்னை எடுத்தேன்.

அந்த மாசக் கடைசியில் அவருடைய கன்று செத்தது. குழிவெட்டும்போது பக்கத்தில் போய் நின்றேன். அவர் நிமிரவில்லை.

"புள்ள குடிச்சிச்சா?" என்று மட்டும் கேட்டார்.

குடித்தாள் என்றேன். அவள் பிழைத்தாள், இன்று பேரப்பிள்ளை எடுத்துவிட்டாள். அண்ணன் சாகும்வரை அந்த மஞ்சளைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பாவி மனுஷன், ஒரு தடவையாவது என்னைத் திட்டியிருக்கலாம்.