வாய் திறக்க ஒரு கிடாரி

எங்கள் பக்கத்தில் கல்யாணமாகி வரும் பெண் மாமனாரிடம் பேசக் கூடாது. அவராக ஒரு பரிசைக் கொடுத்து, "பேசும்மா" என்று சொல்ல வேண்டும். சில மாமனார்கள் ஒரு மாதத்திலேயே வளையலோடு வந்து நிற்பார்கள். என் மாமனார் துர்முஷ், ஆட்டை விற்றாலும் அதன் கயிற்றை அவிழ்த்து வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுகிறவர். ஆறு வருடமாகியும் எனக்குப் பரிசு வரவில்லை.

பாவம் ஜெலிஹா என்று ஊரில் என்னைப் பற்றிப் பேசிக்கொண்டார்கள். எனக்கோ இதைவிட வசதியான ஏற்பாடு வேறில்லை. ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றதற்குக் கோடை மேய்ச்சலைக் காரணம் சொல்வேன். ஆனால் வகுப்பில் உட்கார்ந்துகொண்டே, பெயர் கூப்பிட்டால் குரல் கொடுக்கப் பயந்து, வராதவளாகக் குறிக்கப்பட்டவள் நான். அப்படிப்பட்டவளுக்கு வாயைப் பூட்டி வைக்கிற வீடு அமைந்தது அதிர்ஷ்டம்தான். மாமனார் ஏதாவது கேட்டால், கணவர் வெய்சலின் முதுகுக்குப் பின்னால் நின்று தலையாட்டுவேன்.

மாமனார் எனக்கும் சேர்த்துப் பேசினார். எங்கள் கராபெலென் வட்டத்தின் வரலாறு முழுவதும் அவர் வாயில்தான் இருந்தது. முன்னோர்கள் தெற்குக் கடலோரத்திலிருந்து ஒட்டகங்களோடு மலையேறி வந்த கதையை வருகிற விருந்தாளி ஒவ்வொருவரிடமும் சொல்லுவார். நான் வந்த புதிதில் ஒட்டகங்கள் நாற்பது. பிறகு அறுபதாயின. இன்றைக்கு எத்தனை என்று எனக்குள்ளேயே பந்தயம் கட்டிக்கொண்டு தேநீர் ஊற்றுவேன்.

அந்த ஆண்டு, மலைக்கு அந்தப் பக்கத்து யெனிஹான் தனி வட்டமாகப் பிரிந்தது. இரண்டு ஊர் ஆடுகளும் மேய்ந்த மேட்டில் எல்லை போட வேண்டியிருந்தது. அங்கே இருப்பது ஒரே ஊற்று. அது கைவிட்டுப் போனால் ஆகஸ்டில் எங்கள் ஆடுகள் பிழைக்காது. பழைய எல்லைக்கல் எங்கே என்று பார்க்க ஓர் அதிகாரி வந்தார். ஊற்றுக்கு இப்பால் கிடந்த பாறையைக் காட்டி, ஊற்று தங்களுடையது என்றார்கள் யெனிஹான்காரர்கள். எங்கள் பக்கத்துச் சாட்சி மாமனார்.

மேட்டுக்கு வந்த அதிகாரிக்குத் தேநீர் கொடுக்காவிட்டால் வட்டத்துக்கே அவமானமாம். கோவேறு கழுதை பாதி வழியில் நின்றுவிட்டதால், செம்பு பாய்லர் என் முதுகுக்கு வந்தது.

ஊற்றைத் தாண்டியதும் ஒரு சிவந்த கல் உண்டு. அதன்மேல்தான் ஆடுகளுக்கு உப்பு வைப்பேன். மாமனார் அதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், தூரத்து முகட்டை நோக்கித் தடியைத் தூக்கினார்.

"அதோ தெரியுதே கழுகுப்பாறை, அதான் எல்லை. எங்க பாட்டன் தொண்ணூறு ஒட்டகத்தோட வந்து நின்ன எடம்."

அதிகாரி வியர்வையைத் துடைத்துக்கொண்டு, போய்ப் பார்த்துவிடலாம் என்றார். நான் முகட்டைப் பார்த்தேன். பாய்லரின் கைப்பிடி தோளை அறுத்தது. வெந்நீர் முதுகில் சொட்டியது.

"மாமா, எல்லைக்கல்லு இதானே? இதுக்கு அந்தாண்ட ஆட்ட விடாதேன்னு நீங்கதானே தெனம் சொல்லுவீங்க?"

யார் பேசியது என்று நானும் திரும்பிப் பார்த்தேன்.

மாமனாரின் தடி உயர்ந்தபடியே நின்றது. யெனிஹான் கிழவர் ஒருவர்தான் முதலில் சிரித்தார்.

"என்னப்பா துர்முஷ், மருமக ஊமைன்னுல்ல கேள்விப்பட்டோம்?"

அதிகாரி குனிந்து, கல்லில் படிந்திருந்த உப்பைச் சுரண்டினார். அடியில் பழைய எல்லைக்குறி இருந்தது. ஊற்று எங்களுக்கு, முகடு வரையிலான புல் அவர்களுக்கு என்று முடிவானது. இரண்டு ஊருக்கும் திருப்தியில்லை. மாமனாரின் பொய்யை மட்டும் நம்பியிருந்தால் ஊற்றும் போயிருக்கும் என்றார் வெய்சல், அப்பாவுக்குக் கேட்காதபடி. பக்கத்து வீட்டுப் பெண்கள் என் நேர்மையைப் புகழ்ந்தார்கள். அது நேர்மையில்லை, தோள் வலி. ஆனாலும் புகழ்ச்சியை நான் மறுக்கவில்லை.

சாயங்காலம் மாமனார் ஒரு கிடாரிக் கன்றை ஓட்டிக்கொண்டு வந்து என் முன்னால் நிறுத்தினார்.

"இந்தாம்மா, நீ வாயத் தொறந்ததுக்கு. முன்னாடியே குடுத்திருக்கணும்." கொஞ்சம் யோசித்தார். "அடுத்த தடவ அதிகாரி வந்தா மட்டும் மூடிக்க."

பிறகு குனிந்து, அதன் கழுத்துக் கயிற்றை அவிழ்த்து, சுருட்டிக்கொண்டு உள்ளே போனார்.

"சரி, மாமா" என்று சொல்ல வாயெடுத்தேன். வரவில்லை. கதவைப் பார்த்துத் தலையாட்டினேன். அதற்குள் கிடாரி தெருவில் இறங்கி ஓடியது. பின்னாலேயே நானும் ஓடினேன். யாரையாவது பிடிக்கச் சொல்லிக் கத்தியிருக்கலாம்.