மல்லிகை நகரில் சொட்டுத் தண்ணீர் இல்லை

போன வருடம் புரட்டாசிக் கடைசியில் விழுப்புரத்தில் நடந்தது இது. ஒன்றை நினைத்துவிட்டால் முடிக்காமல் விடமாட்டேன் என்பது எங்கள் தெருவுக்கே தெரியும். அந்தப் பிடிவாதம் என்னை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்பதைத்தான் சொல்லப் போகிறேன்.

எங்கள் தெருவுக்கு வெள்ளவாரித் தெரு என்று பெயர். ஏரி நிரம்பினால் மிச்சத் தண்ணீர் பெண்ணையாற்றுப் பக்கம் போக, அந்தக் காலத்தில் வெட்டிய பெரிய வாய்க்கால்தான் வெள்ளவாரி. நாங்கள் குடிவந்தபோது அதைச் சிமென்ட் பலகை போட்டு மூடியிருந்தார்கள். அதன் மேல் ஸ்கூட்டர் நிறுத்துவோம், கோலம் போடுவோம். கீழே வாய்க்கால் இருப்பதே மறந்துபோயிருந்தது.

மகனுக்குத் திண்டிவனத்தில் பெண் பார்த்தோம். முகவரியைக் கேட்டதும் பெண்ணின் அப்பா முகம் சுளித்தார். "வெள்ளவாரியா? சாக்கடை ஓரமாங்க?" என்றார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "உங்க ஊருக்கும் புளியங்காடுன்னுதாங்க அர்த்தம் சொல்றாங்க. அதுக்காக ஊர்ல எல்லாருக்கும் பேயா புடிச்சிருக்குது?" என்று கேட்டேவிட்டேன். நல்லவேளை, மனுஷர் சிரித்துவிட்டார். கல்யாணமும் நல்லபடியாக முடிந்தது.

ஆனால் அந்தச் சுளிப்பு எனக்குள் உறுத்திக்கொண்டே இருந்தது. வீடு வீடாக ஏறி இறங்கிப் பேசி, தெருவை 'மல்லிகை நகர்' ஆக்கினேன். தெருமுனையில் இருந்த பழைய பெயர்க்கல்லின் மேல் ரோஸ் பெயின்ட் அடித்துப் புதுப் பெயரை என் கையாலேயே எழுதினேன். தெருவில் ஒரு மல்லிகைக் கொடிகூடக் கிடையாது, அது வேறு விஷயம்.

புரட்டாசி மழை எங்கள் பக்கம் சாயங்காலம் இடித்துப் பெய்துவிட்டுப் போய்விடும். காலையில் வெயில் சுள்ளென்று அடிக்கும். அந்தத் தடவை இரண்டு நாள் விடவேயில்லை. மூன்றாம் நாள் காலை பத்து மணிக்கு ஏரி நிரம்பி, தெருவில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் ஓடியது. மகன் சென்னையில் வேலையில் மாட்டிக்கொண்டான். வீட்டில் நானும் நிறைமாத மருமகளும் மட்டும்தான். தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு அனுப்பாமல், இங்கே ஆஸ்பத்திரி பக்கம் என்று அவளை நிறுத்திவைத்ததும் நான்தான். அந்த நேரம் பார்த்து அவளுக்கு வலி கண்டுவிட்டது.

ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டு 'மல்லிகை நகர்' என்று சொன்னேன். அரைமணி நேரமாகியும் வரவில்லை. அவள் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடித்தாள். இனிப் பொறுக்க முடியாது, மெயின் ரோடு வரை நடத்திக் கூட்டிப்போய்விடலாம் என்று முடிவு செய்து, அவளைப் பிடித்துக்கொண்டு வாசற்படியில் இறங்கினேன். அப்போதுதான் ஆம்புலன்ஸ் டிரைவர் போனில் கூப்பிட்டார்.

"மல்லிகை நகர்லதாம்மா நிக்கிறேன். இங்க சொட்டுத் தண்ணி இல்ல. எந்த வீடும்மா?"

ஸ்டேஷனுக்கு அந்தப் பக்கம் இன்னொரு மல்லிகை நகர் இருப்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. "அது இல்லப்பா, இது வேற" என்றேன்.

"வேறன்னா எதும்மா? பழைய பேரு எதுனா இருக்குதா?"

"வெள்ளவாரித் தெரு" என்றேன்.

"யம்மா, தண்ணியில எறங்காதீங்க. அங்க அடியில வாரி போவுது, இந்த ஓட்டத்துல பலகை நிக்காது. அப்பிடியே நில்லுங்க. மேட்டுப் பக்கமா டிராக்டர் இட்டுக்கினு வர்றேன்."

என் ஒரு கால் அப்போது படியில் இருந்தது, இன்னொரு கால் தண்ணீரில் இருந்தது. வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன்.

சொன்னபடி வந்துவிட்டார். டிராக்டர் பெட்டியில் மருமகளை ஏற்றிவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். எங்கள் கேட்டுக்கு எதிரே, நாங்கள் ஸ்கூட்டர் நிறுத்துகிற இடத்தில், தண்ணீர் சுழித்துக்கொண்டு உள்ளே இறங்கியது. பலகையைக் காணோம். அந்த வழியாகத்தான் அவளை நடத்திக் கூட்டிப்போக இருந்தேன்.

மேட்டில் நின்ற ஆம்புலன்ஸில் ஏறும்போது அந்த டிரைவர் ஒன்றே ஒன்றுதான் சொன்னார். "வெள்ளவாரின்னு சொல்லியிருந்தீங்கன்னா மொதல்லயே டிராக்டரோட வந்திருப்பேம்மா." அவர் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

மதியம் பெண் குழந்தை பிறந்தது. தாயும் பிள்ளையும் நலம். சம்பந்தியும் திண்டிவனத்திலிருந்து நனைந்துகொண்டே வந்து சேர்ந்தார். ஆஸ்பத்திரியில் கொடுத்த படிவத்தில் முகவரி என்ற இடத்தில் என் பேனா கொஞ்சம் நின்றது. பிறகு 'வெள்ளவாரித் தெரு' என்று எழுதினேன். எட்டிப் பார்த்த சம்பந்தி, "மல்லிகை நகர் இல்லீங்களா?" என்றார். "இல்லீங்க. வெள்ளவாரிதான்" என்றேன்.

தண்ணீர் வடிந்ததும் மண்ணெண்ணெயும் சுரண்டுகிற தகடும் எடுத்துக்கொண்டு அந்தக் கல் முன்னால் உட்கார்ந்தேன். பக்கத்து வீட்டம்மா, "பழைய பேரை வெச்சா மனை விலை போவாதுங்க" என்றார். "போவாட்டி போவட்டுங்க. தெருவுல எங்க பள்ளம் கீதுன்னு நாலு பேருக்குத் தெரிஞ்சா போதும்" என்று சொல்லிவிட்டுச் சுரண்டிக்கொண்டே இருந்தேன். இரண்டு நாள் ஆயிற்று. எழுத்தின் பள்ளங்களில் இன்னும் கொஞ்சம் ரோஸ் நிறம் ஒட்டியிருக்கிறது.

பேத்தியை இடுப்பில் வைத்துக்கொண்டு அந்தக் கல்லைத் தாண்டும்போதெல்லாம், தண்ணீரில் ஒரு காலை வைத்து நின்ற அந்த நிமிடம் ஞாபகம் வருகிறது. அசிங்கமாக இருக்கிறது என்று நான் பெயின்ட் அடித்து மறைத்தது, இந்தப் பிள்ளையின் உயிரைக் காப்பாற்ற யாரோ எப்போதோ எழுதிவைத்த சொல்லைத்தான்.