பென் டிரைவில் இருபது வீடியோ

என் மனைவிக்குப் பக்கவாதம் வந்து பேச்சு நின்றுபோன நான்காவது மாதக் கடைசியில், தருமபுரியில் அவளுக்குப் பேச்சுப் பயிற்சி கொடுத்த அம்மா ஒரு பென் டிரைவைக் கொடுத்தார். அதில் இருபது வீடியோ இருந்தன. உதட்டைக் குவிப்பது, நாக்கை மேலே தொடுவது, 'ஆ', 'ஈ' என்று இழுத்துச் சொல்வது என ஒவ்வொன்றும் ஐந்தாறு நிமிடம்.

"வாரம் ஒருக்கா இங்க வர்றது பத்தாதுங்க. வூட்ல தினமும் ரெண்டு வேளை போடுங்க. போன்ல வேண்டாம், அவங்களுக்கு வலப்பக்கம் பார்வை எட்டல. பெரிய ஸ்கிரீன்ல போட்டு, பக்கத்துல கண்ணாடி வெச்சுடுங்க. அந்த வாயைப் பாத்து இவங்க வாயை அசைக்கணும்" என்றார். பிறகு குரலைத் தணித்து, "மொத ஆறு மாசந்தாங்க முக்கியம்" என்றார்.

நாலு மாதம் ஏற்கெனவே போயிருந்தது. பாப்பாரப்பட்டி பஸ்ஸில் வரும் வழியெல்லாம் நான் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

வீட்டில் இருந்தது பழைய டப்பா டிவி. அதில் பென் டிரைவ் செருக இடம் கிடையாது. மகள் கல்லூரியில் படித்தபோது வாங்கிய கம்ப்யூட்டர் ஒன்று கூடத்தில் துணி போர்த்திக் கிடந்தது. அது ரொம்ப மெதுவாகிவிட்டது என்று ஒரு பொங்கலுக்கு வந்தபோது மகள் அதில் லினக்ஸ் போட்டுவிட்டுப் போயிருந்தாள். "இனிமே வைரஸ் தொல்லை இல்லீங்கப்பா" என்றாள். அதன்பிறகு நான் அதில் சீட்டு விளையாடியதோடு சரி.

துணியை எடுத்துவிட்டு, அவளை நாற்காலியில் உட்காரவைத்து, நான் சவரம் செய்யும் கண்ணாடியைப் பக்கத்தில் சாய்த்துவைத்தேன். பென் டிரைவைச் செருகி முதல் வீடியோவை அமுக்கினேன். திரை கறுத்தது. நடுவில் ஆங்கிலத்தில் ஒரு வரி. எழுத்துக்கூட்டிப் படித்ததில், இதை ஓட்டத் தேவையான ஏதோ ஒன்று இந்தக் கம்ப்யூட்டரில் இல்லை என்று புரிந்தது. இருபதையும் ஒவ்வொன்றாக அமுக்கினேன். இருபதிலும் அதே வரி. அவள் கறுத்த திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாயைத் திறந்து ஆயத்தமாக வைத்திருந்தாள்.

நான் எரிந்த மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றி, காயில் கட்டுகிறவன். பட்டறை வைத்து இருபத்தைந்து வருஷத்துக்கு மேலாகிறது. போர்வெல்லிலிருந்து ஏற்றிய மோட்டாரைக் கழற்றினால் எங்கே எரிந்திருக்கிறது என்று கண்ணுக்கு முன்னால் மூக்குக்கே தெரிந்துவிடும். இதில் கழற்ற ஒன்றுமில்லை. மோந்து பார்க்கவும் ஒன்றுமில்லை.

மகள் பெங்களூரில் ஒரு கம்பெனியில் வேலை செய்கிறாள். ஊர் பேர் தெரியாத ஆட்களின் கம்ப்யூட்டர் கோளாறுக்குப் போனில் வழி சொல்வதுதான் அவள் வேலையே. அம்மாவுக்காக ஆஸ்பத்திரியில் மூன்று வாரம் இருந்துவிட்டுப் போனதில் லீவெல்லாம் தீர்ந்துவிட்டது. மதியம் சாப்பாட்டு நேரத்தில் மட்டும் பேசுவாள்.

"ஒண்ணும் இல்லீங்கப்பா. ஒரு மீடியா பிளேயர் இன்ஸ்டால் பண்ணணும், அவ்ளோதான். உங்க போன்ல ஹாட்ஸ்பாட் போடுங்க. நான் சொல்றத மட்டும் அடிங்க."

எங்கள் வீட்டில் கூடத்துக்குள் சிக்னல் எட்டாது. ஜன்னல் விளிம்பில் போனை வைத்து, ஸ்பீக்கரில் போட்டு, அங்கிருந்து கம்ப்யூட்டருக்கு வந்து உட்கார்ந்தேன். அவள் சொன்னபடி கறுப்புப் பெட்டி ஒன்றைத் திறந்தேன். அதற்குப் பெயர் டெர்மினல் என்றாள்.

"எஸ், யூ, டி, ஓ. அப்புறம் ஒரு கேப் விடுங்க."

"எத்தன கேப்பு?"

"ஒண்ணே ஒண்ணுங்கப்பா. ஏ, பி, டி."

"எந்த பி?"

"பஸ்ஸுக்கு வர்ற பி இல்ல, பென்னுக்கு வர்ற பி. அப்புறம் டேபிளுக்கு வர்ற டி."

அது கடைசியில் பாஸ்வேர்டு கேட்டது. பாஸ்வேர்டு எனக்குத் தெரியும், அவள் அம்மாவின் பெயர்தான். அடித்தேன். திரையில் ஒரு புள்ளிகூட விழவில்லை. மறுபடி அழுத்தி அடித்தேன். ஒன்றும் விழவில்லை.

"பாப்பா, கீபோர்டு போயிடுச்சு."

"போகலைங்கப்பா. அங்க அடிக்கிறது கண்ணுக்குத் தெரியாது. தெரியாமயே அடிச்சு என்டர் தட்டுங்க."

தெரியாத ஒன்றை எப்படிச் சரியாக அடிப்பது? இரண்டு தடவை தப்பு என்றது. மூன்றாவது தடவை ஏற்றுக்கொண்டது. எழுத்துகள் மளமளவென்று கீழிருந்து மேலேறின. மனைவியைத் திரும்பிப் பார்த்து, "வருது, வருது" என்றேன். நூற்றுக்கு அறுபத்து இரண்டு என்று காட்டியபோது கரண்டு போனது.

அன்று மாலை வரை கரண்டு வரவில்லை. மறுநாள் அதே வரியை அடித்தால், பாதியில் நின்ற வேலையை முதலில் முடி என்று ஆங்கிலத்தில் எதையோ சொல்லித் தடுத்தது. மகள் வேறொரு வரி சொன்னாள். அதில் இரண்டு கோடு சேர்த்துப் போட வேண்டும். நான் ஒரு கோடு போட்டேன். பிறகு இரண்டு கோட்டுக்கும் நடுவில் இடம் விட்டேன். பிறகு கோட்டுக்கும் எழுத்துக்கும் நடுவில் இடம் விட்டேன். அவளுடைய சாப்பாட்டு நேரம் முடிந்துகொண்டிருந்தது.

"அப்பா, நான் என்ன சொல்றேன், நீங்க என்ன அடிக்கிறீங்க? படிச்சுக் காட்டுங்க."

"எல்லாம் நீ சொன்னதைத்தான் அடிக்கிறேன்!" என்று கத்திவிட்டேன். "உனக்கு வர முடியல. வந்து ஒரு நாள் உக்காந்து போட முடியல. போன்லயே எல்லாத்தையும் முடிச்சுடலாம்னு பாக்கற!"

"வெக்கிறேங்கப்பா" என்றாள்.

மனைவி நாற்காலியில் இருந்தபடி என்னையே பார்த்தாள். முன்பாயிருந்தால் புள்ளையைப் போய்த் திட்டுகிறாயே என்று என்னை ஒரு வழி பண்ணியிருப்பாள். இப்போது இடது கையை மட்டும் தூக்கி, ஜன்னலில் இருந்த போனைக் காட்டினாள். திருப்பிக் கூப்பிடச் சொல்கிறாள் என்று நினைத்தேன். நான் கூப்பிடவில்லை.

அடுத்த நாள் கம்ப்யூட்டரை வண்டியில் கட்டிக்கொண்டு கடைத்தெருவில் ஒரு கடைக்குப் போனேன். கடைக்காரர் திரையைப் பார்த்ததுமே பின்வாங்கினார்.

"இது லினக்ஸுங்க. எங்களுக்குப் பழக்கமில்ல. மொத்தத்தையும் அழிச்சுட்டு வேற போட்டுத் தரட்டுங்களா? நாளாவுங்க, கையில நெறைய வேலை கெடக்குது."

மகளின் சர்டிபிகேட்டெல்லாம் அதற்குள் இருக்கிறதே என்று யோசித்தேன். அவளைக் கேட்காமல் அழிக்க மனம் வரவில்லை. கேட்கவும் வாய் வரவில்லை. கட்டிக்கொண்டு போனதைக் கட்டிக்கொண்டே திரும்பி வந்தேன்.

மூன்று நாள் அப்படியே போனது. அந்த மூன்று நாளையும் இன்றைக்கும் எண்ணிப் பார்க்கிறேன். ஆறு மாதத்தில் மூன்று நாள். மதியம் நேரமானால் மனைவி தானாகவே அந்த நாற்காலியைப் பார்ப்பாள். நான் கண்ணாடியை எதிரில் வைத்து, எனக்குத் தெரிந்தபடி "ஆ" என்று வாயைத் திறந்து காட்டுவேன். அவள் என் வாயைப் பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வாள்.

நாலாம் நாள் மகளே கூப்பிட்டாள். நடந்ததைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. வேலையில் யாரிடமோ பேசுகிற மாதிரி, "சொல்லுங்க, இப்ப ஸ்கிரீன்ல என்ன தெரியுது?" என்றாள். அந்தக் குரல் எனக்கு வலித்தது. ஆனால் வேலை நடந்தது. இரண்டு கோட்டையும் சேர்த்துப் போட்டேன். பாதியில் நின்றது முடிந்தது. மறுபடி முதல் வரி. இந்தத் தடவை கரண்டு போகவில்லை.

வீடியோவை அமுக்கினேன். பயிற்சி கொடுக்கிற அம்மா திரையில் வந்து நின்றார். வாயை அகலத் திறந்தார், குவித்தார். சத்தம் மட்டும் வரவில்லை.

அதற்கு இன்னும் இரண்டு நாள் ஆனது. ஸ்பீக்கருக்குப் போக வேண்டிய சத்தம் மானிட்டருக்குப் போய்க்கொண்டிருக்கிறது, மானிட்டரில் ஸ்பீக்கரே கிடையாது என்று மகள் கண்டுபிடித்துச் சொன்னாள். ஒரு இடத்தில் தட்டி மாற்றினேன். "எங்க, ஆ சொல்லுங்க" என்ற குரல் கூடம் முழுக்க அதிர்ந்தது.

மனைவி திரையைப் பார்த்தாள். கண்ணாடியைப் பார்த்தாள். முகத்தைத் திருப்பி, இடது கையால் கண்ணாடியைத் தள்ளிவிட்டாள். பிறகு சொன்னாள்:

"பேட."

நாலு மாதத்துக்குப் பிறகு அவள் சொன்ன முதல் சொல். தெளிவாகத்தான் இருந்தது. எனக்கு அது சொல்லா வெறும் சத்தமா என்று உறைக்கவே கொஞ்சம் நேரமானது. ஜன்னலில் போன் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

"அப்பா, அம்மாவா? அம்மாவா பேசுனது?" என்று கத்தினாள் மகள். "அது கன்னடம்ங்கப்பா! வேண்டாம்னு சொல்றாங்க!" சொல்லிவிட்டு அழுதாள். நானும் அழுதேன். போன் வழியாக இரண்டு பேரும் அழுவதை என் மனைவி எரிச்சலோடு பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு வேண்டியது, அந்தச் சத்தத்தை யாராவது நிறுத்துவது.

அவள் பிறந்தது அஞ்செட்டிப் பக்கம், கன்னடம் பேசுகிற வீடு. கல்யாணமாகி வந்த பிறகு அவள் அம்மாவிடம் மட்டும்தான் அந்தப் பேச்சைப் பேசினாள். அந்த அம்மா போன பின் அதுவும் நின்றது. நான் ஒரு நாளும் கற்றுக்கொள்ள நினைத்ததில்லை. எதற்கு, அவள்தான் தமிழ் பேசுகிறாளே.

அடுத்த வாரம் தருமபுரியில் சொன்னபோது, பயிற்சி கொடுக்கிற அம்மா சந்தோஷப்பட்டார். "எந்த பாஷை மொதல்ல வந்தாலும் புடிச்சுக்குங்க. அதுலயே அவங்ககிட்ட பேசுங்க" என்றார். "ஆனா எனக்குக் கன்னடம் தெரியாதுங்களே" என்று அவரே சொன்னார். எனக்கும் தெரியாது. பெங்களூரில் இருக்கிற மகளுக்கு ஆட்டோவுக்கும் கடைக்கும் வேண்டிய அளவு தெரியும். தண்ணீருக்கு நீரு, சோற்றுக்கு ஊட்டா, வலிக்கு நோவு என்று அவளைக் கேட்டு, காயில் சுற்று எழுதும் நோட்டின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டேன்.

ஆறு மாதம் கடந்துவிட்டது. அவளுக்கு இப்போது பதினைந்து இருபது சொல் வருகிறது. பாதி கன்னடம், பாதி தமிழ். என் பெயர் வரவில்லை. வீடியோக்களைத் தினமும் போடுகிறேன். சில நாள் நாலைந்து பாடம் பார்ப்பாள், சில நாள் முதல் பாடத்திலேயே முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அவள் சொல்ல வந்து நிற்கும்போது நான் நோட்டைப் புரட்டி ஒவ்வொரு சொல்லாகக் கேட்கிறேன். "நீரா? ஊட்டாவா?" அவள் இல்லை இல்லையென்று தலையாட்டுகிறாள். நோட்டில் எழுதியது தீர்ந்த பிறகும் அவள் என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.