ஓர் அகப்பை சோறும் சவரிராயனின் ஒருசந்தியும்

மலாயாவில் லாபுப் பக்கத்து ரப்பர் தோட்டம் எங்களுடையது. கூலிகளின் வரிசை வீடுகளான லயத்தில் இருந்த ஒரே வேதக்காரக் குடும்பம் சவரிராயனுடையது. மனைவி மயிலம்மாள் கல்யாணத்துக்காக ஞானஸ்நானம் வாங்கி மரியம்மாள் ஆனவள். அந்தப் பெயர் கோயிலோடு சரி. சவரிராயனே அவளை மயிலு என்றுதான் கூப்பிடுவார்.

சவரிராயனுக்குச் சோறு என்றால் உயிர். குழம்பு நன்றாக இல்லாவிட்டாலும் பொறுத்துக்கொள்வார். சோறு குறைந்தால் முகம் தொங்கிப்போகும். அப்படிப்பட்டவர் தவக்காலம் வந்தால் ஒருசந்தி இருப்பார். கத்தோலிக்கர் உபவாசத்துக்குச் சொல்லும் பெயர் அது. பகல் முழுக்கப் பட்டினி, பொழுது சாய்ந்தபின் ஒரே ஒரு வேளை சாப்பாடு.

அதில் எங்களுக்கு ஒரு வருத்தமும் இல்லை. நாங்களும் சஷ்டி, கிருத்திகை என்று விரதம் இருக்கிறவர்கள்தான். ஆனால் நாங்கள் வாயை மூடிக்கொண்டு இருப்போம். இவர் வாயைத் திறந்துகொண்டு இருப்பார். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டில் பெயர் கூப்பிட்டால், "இருக்கேன், ஒருசந்தியில இருக்கேன்" என்பார். யாராவது வெற்றிலையை நீட்டினால் போதும், ஆண்டவர் பாடுபட்ட கதை முழுவதையும் கேட்டுவிட்டுத்தான் கையை மடக்க முடியும்.

சிரம்பானிலிருந்து எப்போதாவது வந்து பூசை வைக்கும் சாமியாருக்கும் இது தெரிந்திருந்தது. ஒருமுறை எங்கள் முன்னாலேயே சொன்னார்.

"சவரி, வயித்தைக் காயப்போட்டா மட்டும் ஒருசந்தி ஆயிடாது. பசிக்கிறப்ப மனசு எதைத் தேடி ஓடுதுன்னு பாரு. அதைப் பிடிச்சி ஆண்டவர் பக்கம் திருப்பு."

"நெத்திலி சம்பலைத் தேடி ஓடுது சாமி."

"திருப்பு."

"திருப்புறேன் சாமி. திரும்பவும் ஓடுது."

சவரிராயன் பொய் சொல்லத் தெரியாதவர். அவரிடம் எங்களுக்குப் பிடித்தது அது ஒன்றுதான்.

இப்படி இருக்கையில் அவசரகாலம் முற்றியது. காட்டில் இருந்த கம்யூனிஸ்டுகளைப் பட்டினி போட்டு வெளியே கொண்டுவருவது அரசாங்கத்தின் யோசனை. லயத்தைச் சுற்றி முள்கம்பி வந்தது. மரம் சீவப் போகும்போது கேட்டில் மடியைத் தடவிப் பார்த்தார்கள். பிறகு வீட்டில் அரிசியே வைத்திருக்கக் கூடாது என்றார்கள். பொதுக்குசினியில் ஆக்கி, மதியமும் மாலையும் தட்டில் அளந்து போட்டார்கள். அரிசியைக் காட்டுக்குள் ஒளித்துவைக்கலாம், ஆக்கிய சோறு ஊசிப்போகும் என்பது கணக்கு. இதையெல்லாம் மேற்பார்வை பார்க்க ஒரு வெள்ளைக்காரத் துரை வந்துசேர்ந்தார்.

தவக்காலமும் வந்தது. மதிய வரிசையில் எல்லாரும் தட்டோடு நிற்க, சவரிராயன் தட்டில்லாமல் வந்து நின்று, "எனக்கு வேணாம், ஒருசந்தி" என்று அறிவித்துவிட்டுப் போனார். வேண்டாம் என்பவன் வீட்டில் கிடக்க வேண்டியதுதானே என்று குசினியில் சோறு போடும் சன்னாசி முனகினான். கேட்கிற ஆளா அவர்?

துரை இதைப் பார்த்தார். விடியலிலிருந்து மரம் சீவிவிட்டு வருகிறவன் சோறு வேண்டாம் என்றால், வேறெங்கோ சாப்பிடுகிறான். அப்படியானால் எங்கோ அரிசி ஒளித்துவைத்திருக்கிறான். சவரிராயன் வீட்டைப் புரட்டிப் போட்டார்கள். மாதா படமும் அலமாரிக்குப் பின்னால் ஒரு செத்த பல்லியும் கிடைத்தன. அரிசி கிடைக்கவில்லை. நன்றாக ஒளித்திருக்கிறான் என்று துரை முடிவு செய்தார். ஒளித்துவைக்கும் அளவுக்கு மிஞ்சுகிறது என்றால் லயத்துக்கு அரிசி அதிகமாக வருகிறது என்றும் முடிவு செய்தார். மறுநாள் முதல் ஆளுக்கு ஓர் அகப்பை சோறு குறைந்தது.

தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணி அமிர்தலிங்கம் யாழ்ப்பாணத்துக்காரர், சைவர்; துரைக்கு விரதத்தைப் பற்றி விளக்கிச் சொல்லிப் பார்த்தார். முடியாமல் சவரிராயனிடம் வந்தார்.

"நீ நாளும் மத்தியானம் அந்தாளுக்கு முன்னால இருந்து சாப்பிட்டால், குறைச்ச சோத்தைத் திருப்பித் தருவாராம். சாப்பிடன், என்ன குறைஞ்சு போகுது?"

"முடியாதுங்க கிராணியாரே. விசுவாசத்துக்கு வந்த சோதனை இது."

சொல்லும்போது அவர் முகத்தில் அப்படி ஒரு களை. வேதத்துக்காக உயிரைவிட்ட வேதசாட்சிகளின் வரிசையில் தனக்கும் ஓர் இடம் ஒதுக்கிவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அங்கேயே நாலு அறை விட்டிருப்பேன். என் வயிறும்தானே காய்ந்தது.

பக்கத்து வீட்டுத் தாயம்மா புருஷனை இழந்தவள், சின்னப் பிள்ளைகளை வைத்திருப்பவள். அவள் சவரிராயன் வாசலில் வந்து நின்று கத்தினாள்.

"உன் சாமிக்கு நீ பட்டினி கிட அண்ணே! என் புள்ளைங்க எந்தச் சாமிக்குப் பட்டினி கிடக்குதுங்க?"

சவரிராயன் அவளுக்காகச் செபிப்பதாகச் சொன்னார். அவள் காறித் துப்பிவிட்டுப் போனாள்.

உள்ளே இருந்த மயிலம்மாள் வாசலுக்கு வந்தாள். அதிகம் பேசாதவள்.

"யாரும் பாக்கலேன்னா இந்த ஒருசந்திய இருப்பியா நீ?" என்று கேட்டாள்.

சவரிராயன் பதில் சொல்லவில்லை. பொய் சொல்லத் தெரியாதவர் இல்லையா.

பெரிய வெள்ளி வந்தது. ஆண்டவர் சிலுவையில் மரித்த நாள். அன்று சவரிராயன் மாலைச் சாப்பாட்டைக்கூடத் தொடமாட்டார், தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார் என்பது தோட்டம் முழுக்கத் தெரியும், அவரே சொல்லியிருக்கிறார். மதியம் வழக்கம்போல் வரிசைக்குப் பக்கத்தில் வந்து நின்றார். அறிவிக்க வாயைத் திறந்தவர் அப்படியே நின்றுவிட்டார். தாயம்மாவின் சின்ன மகள், அண்டாவுக்குள் பாதி உடம்பை விட்டு, அடியில் பிடித்த தீய்ந்த சோற்றை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள். சன்னாசி பார்க்காததுபோல் நின்றான்.

மனதை ஆண்டவர் பக்கம் திருப்பப் பார்த்ததாகவும், திரும்பினால் அங்கேயும் அந்தப் பிள்ளைதான் நின்றாள் என்றும் மயிலம்மாளிடம் பின்னால் சொன்னாராம்.

சவரிராயன் வீட்டுக்குப் போய்த் தட்டை எடுத்துக்கொண்டு வந்து வரிசையில் நின்றார். முதலில் யாரோ சிரித்தார்கள். "என்ன சவரி, உங்க சாமி இன்னிக்கு லீவா?" என்று கேட்டவன் நான்தான். அவர் திரும்பவில்லை. சோறு வாங்கி, துரையின் நாற்காலிக்கு எதிரே தரையில் உட்கார்ந்து, சிலுவை போட்டுக்கொண்டு, பிசைந்து வாயில் வைத்தார். உயிராக நினைத்த சோறு உள்ளே இறங்க மறுத்தது. மென்று மென்று விழுங்கினார். கண்ணிலிருந்து நீர் தாடை வழியாகத் தட்டில் விழுந்துகொண்டிருந்தது. வரிசையில் சிரிப்பு நின்றுபோனது. எனக்கு அந்த இடத்தை விட்டு ஓடிவிட வேண்டும்போல் இருந்தது.

"மெதுவா சாப்பிடு அண்ணே" என்றாள் தாயம்மா.

துரை கிராணியிடம் ஏதோ கேட்டார். கிராணி குனிந்தார்.

"ஏன் அழுகிறாய் எண்டு துரை கேக்கிறார்."

நாங்கள் எல்லாரும் காத்திருந்தோம். இது பெரிய வெள்ளி என்று, ஆண்டவர் பாடுபட்ட நாள் என்று, எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்ல இதைவிட நல்ல சபை அவருக்கு வாய்க்காது.

சவரிராயன் புறங்கையால் கண்ணைத் துடைத்தார்.

"காரம்னு சொல்லுங்க கிராணியாரே."

அமிர்தலிங்கம் தட்டைப் பார்த்தார். மிளகாய் இல்லாத வெறும் பருப்பு. அவர் நிமிர்ந்து, காரமாம் என்று துரையிடம் இங்கிலீஷில் சொன்னார்.

மறுநாள் முதல் அந்த அகப்பைச் சோறு திரும்பக் கிடைத்தது. பிள்ளைகள் இருக்கிற இடத்தில் இவ்வளவு காரம் ஆகாது என்று, குசினிக்கு வந்த மிளகாயைத் துரை பாதியாகக் குறைத்துவிட்டார். அந்த வருஷம் முழுக்க லயமே சப்பென்று சாப்பிட்டது. ஒருவரும் சவரிராயனைத் திட்டவில்லை.