மண்ணூர் அக்கா நடித்துக் காட்டிய விபத்து

சைக்கிள் டியூபிலிருந்து வெட்டிய ஒரு முழத் துண்டு. இழுத்து இழுத்துத் தளர்ந்துபோன கறுப்பு ரப்பர். வல்லம் வடகாலில் நாங்கள் வேலை பார்த்த தகடு அடிக்கும் கம்பெனியில் ஒவ்வொரு பிரஸ் மெஷினிலும் அப்படி ஒன்று தொங்கும். எல்லாம் பழைய மெஷின்கள். இரண்டு பட்டனையும் இரண்டு கையாலும் சேர்த்து அழுத்தினால்தான் பிரஸ் இறங்கும். கை உள்ளே மாட்டக் கூடாது என்பதற்காக அந்த ஏற்பாடு. இரண்டு கையும் பட்டனில் இருந்தால் வேகமாகத் தகடு வைப்பது யார், டார்கெட்டை முடிப்பது யார்? அதனால் ஷிப்ட் தொடங்கும்போதே சூப்பர்வைசர் மெஷின் மெஷினாக வந்து, ஒரு பட்டன் மேல் நட்டு ஒன்றை வைத்து, டியூபால் இறுக்கிக் கட்டிவிட்டுப் போவார். பாதுகாப்பு ஆடிட் வரும் அன்று மட்டும் எல்லாம் அவிழ்ந்துவிடும், புதுக் கையுறை வரும், நாங்களும் இரண்டு கையாலும் அழுத்தி நல்ல பிள்ளைகளாக நிற்போம். இங்கிலீஷில் சட்டம் இயற்றுவதற்கும் நடித்துக் காட்டுவதற்கும் 'எனாக்ட்' என்று ஒரே வார்த்தைதானாம், சமீபத்தில் என் மகள் சொன்னாள். எங்கள் கம்பெனியைப் பார்த்துவிட்டுத்தான் வைத்திருப்பார்கள் என்றேன். அவளுக்குப் புரியவில்லை.

பக்கத்து மெஷின் அக்காவுக்கு ஊர் மண்ணூர். புருஷன் இல்லை, பள்ளிக்கூடம் போகிற இரண்டு பெண்கள், காண்ட்ராக்ட் வேலை. ஒரு மத்தியானம் பிரஸ் அவள் வலது கைமேல் இறங்கி, கட்டைவிரலைத் தவிர மற்றதையெல்லாம் எடுத்துவிட்டது. கட்டுக்கூடப் பிரிக்காத நிலையில் அவளைக் கூப்பிட்டனுப்பினார்கள். அரசாங்கத்திலிருந்து இன்ஸ்பெக்டர் வருகிறார், விபத்து எப்படி நடந்தது என்று அந்த இடத்திலேயே செய்து காட்ட வேண்டும். எச்.ஆர். அதிகாரி காலையிலேயே ஒத்திகை பார்த்தார். "ஏம்மா, டியூப நீயே கட்னன்னு காட்டிடு. பேக்கிங்ல ஒக்காந்து செய்ற வேலையா போட்டுத் தரோம். இல்லன்னா எங்களால ஒண்ணும் பண்ண முடியாது." அக்கா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். என்னிடம் வந்து, "சொல்லவேண்டியது மறந்துடப் போவுதுடி, காலைலேர்ந்து சொல்லிக்கினே கீறேன்" என்றாள்.

மெயின் சுவிட்சை அணைத்தார்கள். எங்கள் மெஷின் லைன் அவ்வளவு அமைதியாக இருந்து நான் பார்த்ததே இல்லை. இன்ஸ்பெக்டர் மரியாதையானவர். "அன்னைக்கு எப்படிச் செஞ்சீங்களோ அப்படியே காட்டுங்கம்மா" என்றார். அக்கா பிரஸ்ஸின் முன்னால் போய் நின்றாள். "நான்தான் சார் கட்னேன், சீக்கிரமா முடிக்கணும்னு" என்று ஒப்பித்துவிட்டு டியூபை எடுத்தாள். நட்டைப் பட்டன் மேல் வைத்தாள், விழுந்தது. குனிந்து எடுத்து மறுபடி வைத்தாள். டியூபை எந்தப் பக்கமாகக் கொண்டுபோய் எதில் மாட்டுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. கையில் கட்டு இருந்தது என்பதற்காக மட்டும் இல்லை, அவள் ஒருநாளும் அதைக் கட்டியதே இல்லை. ஒத்திகையில் வசனம் சொல்லிக்கொடுத்தவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுக்கத் தோன்றவில்லை. பல்லால் ஒரு முனையைக் கடித்து இழுத்தாள். நெற்றியெல்லாம் வேர்த்துவிட்டது.

லைன் நிற்கிற ஒவ்வொரு நிமிஷமும் சூப்பர்வைசருக்கு முள்மேல் நிற்பதுபோல இருந்திருக்க வேண்டும். "தள்ளும்மா" என்று முன்னால் வந்தார். நட்டை வைத்தார், இரண்டு சுற்று, ஒரு மடிப்பு, கீழ் போல்ட்டில் ஒரு மாட்டு. கண் மூடித் திறப்பதற்குள் முடிந்துவிட்டது. முடித்த பிறகுதான் என்ன செய்தோம் என்று அவருக்கே உறைத்தது. கையைப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டு பின்னால் நகர்ந்தார். எச்.ஆர். முகத்தில் ஈயாடவில்லை.

இன்ஸ்பெக்டர் சூப்பர்வைசரைப் பார்த்தார், பிறகு அக்காவைப் பார்த்தார். "உண்மையச் சொல்லுங்கம்மா, தினமும் இதக் கட்றது யாரு?" ஒரு வார்த்தை போதும், சொல்லிவிடு என்று எனக்குள் கத்தினேன். அக்காவுக்குப் பேக்கிங் வேலை கைநழுவிப் போவதுதான் தெரிந்தது. அவசர அவசரமாக, "நான்தான் சார்! இந்த சார் இன்னிக்குதான் கட்றாரு. என் கை இப்படி கீதேன்னு ஒத்தாச பண்றாரு. என் பசங்க மேல சத்தியமா நான்தான்" என்றாள். இன்ஸ்பெக்டர் அவள் சொன்னதையே எழுதிக்கொண்டார்.

அவர் கார் கேட்டைத் தாண்டியதும் அக்கா எச்.ஆர். பின்னாலேயே ஓடினாள். "சார், கட்றதுலதான் கொஞ்சம் சொதப்பிட்டேன். மத்தபடி சரியா பண்ணேனா சார்?" அவர் திரும்பாமலே, "போம்மா, சொல்லி அனுப்பறோம்" என்றார்.

நான் இன்னும் அதே லைனில்தான் இருக்கிறேன். பேக்கிங்கில் எத்தனையோ பேர் வந்து போய்விட்டார்கள். அவளுக்கு மட்டும் யாரும் சொல்லி அனுப்பவில்லை.